வெறும் அறையின் அரை நிமிடம்

பதினோரு வருடமாக வானொலியில் தினமும் வேதவசனமும் புனிதர் வரலாறும் வாசித்தவள் அவள். கணவன் இறந்துபோன பிறகு எல்லாம் வெறும் எழுத்தாகிவிட்டது. தேடித் தேடிப் பார்த்தும் கடவுளைக் காணோம். இந்த வேலை இன்றோடு சரி என்று நிலையத்தில் சொல்லிவிட்டுத்தான் மைக் முன் உட்கார்ந்தாள்.

இன்றைய புனிதர், பதிலே வராமல் இருபது வருடம் ஜெபித்த ஒரு பெண்துறவி. வாசித்து முடித்ததும், ஒலிப்பதிவை வெட்டி ஒட்டும்போது இடையில் சொருகுவதற்காக, வழக்கம்போல அறையின் மௌனத்தை அரை நிமிடம் பதிவு செய்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளன் கத்தினான்.

“அக்கா, மூச்சு விடாதீங்கன்னா கேக்க மாட்டீங்களா? துருத்தி மாதிரி கேக்குது!”

“நான் எங்கடா விட்டேன்? அடக்கி அடக்கிக் கண்ணு பிதுங்குது.”

போட்டுக் காட்டினான். மைக்குக்கு வெகு அருகில், யாரோ பொறுமையாகக் காத்திருப்பது போன்ற நிதானமான மூச்சு. ஒயர்களைப் பிடுங்கிச் செருகினான். அவளை வெளியே நிறுத்திவிட்டு, காலி அறையை மறுபடி பதிந்தான்.

மூச்சு அப்படியே இருந்தது.

அவன் முகம் வெளுத்தது. “அழிச்சிடட்டுமாக்கா?”

அவளுக்கும் முதுகு சில்லிட்டது.

“தொடாதே. நாளைக்கு நான் வாசிக்க வேண்டிய வசனத்தை எடு” என்றவள், கதவைத் திறந்து, அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.