அரிசிப்பையோடு சறுக்குதல்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. மார்க்கம் நகரில் ஒரு புத்தக வெளியீடு. பேச்சாளர்கள் நூலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசி முடித்து, சபை மட்டன் ரோல்ஸை நோக்கி நகர்ந்த நேரத்தில், ஒருவர் என்னிடம் "வின்ரரிலை என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம்: ஹீற்றரைக் கூட்டிவிட்டு, போர்த்துக்கொண்டு, மற்றவர்களின் கதைகளில் குறை பிடிப்பேன். நான் "குறொஸ் கன்ரி ஸ்கீ" என்றேன்; காலில் நீண்ட பலகைகளைக் கட்டிப் பனியில் சறுக்கிப் போகும் விளையாட்டு. வாய் நிறைய ரோல்ஸ் இருந்ததால் கேட்டிராது என்று நம்பினேன். கேட்டுவிட்டது. அவர் ஓர் ஆண்டுமலரின் ஆசிரியர். "அதைப் பற்றியே ஒரு கதை தாருங்கோ" என்றார்.

அப்படித்தான் நான் பாரி நகருக்கு வடக்கே, வளர்ந்தவர்களுக்கான ஸ்கீ நுட்ப முகாம் ஒன்றில், ஒரு வாரஇறுதியைத் தொலைத்தேன். "வளர்ந்தவர்களுக்கான" என்பது விளம்பரத்தில் இருந்த சொல். எந்தப் பக்கமாக வளர்ந்தவர்கள் என்று அதில் இல்லை.

2

தொடக்கம் அ: "பனி பெய்துகொண்டிருந்தது. அது அவன் இழந்த தேசத்தின்—"

[வெட்டு. நம் கதைகளில் பனி எப்போதும் யாரோ ஒருவருடைய துக்கமாகவே பெய்கிறது. ஒருமுறையாவது அது வெறும் தண்ணீராக இருந்துவிட்டுப் போகட்டும்.]

தொடக்கம் ஆ: "வெண்மையின் மௌனத்தில் இரு கோடுகள்—"

[இதை எழுதியவனைப் பிடித்து உதைக்க வேண்டும். நான்தான்.]

தொடக்கம் இ: நான் விழுந்தேன். கார் நிறுத்துமிடத்திலேயே விழுந்தேன். ஸ்கீ அப்போது காலில் இல்லை, கையில் இருந்தது.

இதையே வைத்துக்கொள்கிறேன். இதில் பொய் குறைவு.

முகாமுக்கு வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் தோலோடு ஒட்டிய உடை அணிந்த வெள்ளையர்கள். ஸ்கீயின் அடியில் எந்த மெழுகைப் பூசுவது என்று, எங்கள் ஆட்கள் ஊர்ச்சங்கத் தேர்தலைப் பற்றிப் பேசும் தீவிரத்துடன் பேசினார்கள். அவர்களைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்க வசதியான இடமொன்றைத் தேடியபோதுதான், அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றார்.

3

யோசப் அண்ணையை நம்புவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எனக்கும் இருந்தது. அறுபது தாண்டியவர், மன்னார்க்காரர், டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக்கட்டடத்தில் இருப்பவர். முதுகில் பெரிய பை.

முதல் வரைவில் அவர் தன் கதையைச் சொல்லும்போது கண்கலங்கினார். [நீக்கிவிட்டேன். அவர் கலங்கவில்லை. மூக்கு ஓடியது. குளிர்.]

அவர் சொன்னது இவ்வளவுதான். மகள் நதீஷா வடக்கே ஒரு வெள்ளைக் குடும்பத்தில் கலியாணம் செய்தாள். அவர்களுக்கு ஏரிக்கரையில் ஒரு மரவீடு இருக்கிறது. மாரியில் பனி மூடிவிடும், அங்கே கார் போகாது, ஸ்கீயில் அல்லது ஸ்னோமொபீல் என்ற பனிவண்டியில்தான் போகலாம். கலியாணமும் அங்கேதான், மாரியில்தான். "பனிக்குள்ளை கலியாணம் கட்டுறது கரடி" என்று சொல்லி இவர் வீட்டில் இருந்துவிட்டார். மனைவி அன்ரனெற் மட்டும் ஸ்னோமொபீலில் ஏறிப் போனார். மகள் சண்டை பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பாவிடம் எதுவும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பங்குனியிலும் அங்கே குடும்பம் கூடுகிறது. இம்முறை யோசப் அண்ணை போகிறார். தன் காலில் போகிறார்.

"என்னை மூட்டை மாதிரி ஏத்திக்கொண்டு போய் இறக்கினால், நான் வந்தன் எண்டு ஆகுமோ, தம்பி?"

முகாமுக்கு வந்தது அன்ரனெற் அக்காவுக்குத் தெரியாது. தவக்காலத் தியானத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.*

* கிறிஸ்தவ வாசகர்கள் கோபிக்க வேண்டாம். தியான முகாமைவிட இங்கேதான் அவர் கடவுளை அதிகம் கூப்பிட்டார்.

4

பயிற்றுநர் ஹெதர் "அருமை" என்ற சொல்லை விழுகிறவர்களுக்கென்றே வைத்திருந்தாள். முதல் நாள் முழுவதும் நான் அருமையாக இருந்தேன்.

அவள் சொல்லித்தந்த நுட்பம் ஒன்றுதான்: முன்னுக்குச் சாய்ந்து, முழு உடம்பையும் ஒரு காலில் நம்பி விடவேண்டும். அந்தக் கால் சறுக்கி முடிந்த பிறகே மற்றதை நம்பலாம். இரண்டு காலிலும் பாதி பாதி நிற்பவன் சறுக்குவதில்லை, நடக்கிறான். [இவ்விடத்தில் இரண்டு நாடுகளில் பாதி பாதி நிற்பது பற்றி ஒரு பந்தி இருந்தது. உங்கள் நன்மைக்காக எடுத்துவிட்டேன்.]

யோசப் அண்ணை சறுக்கினார். பையோடு, அழகாக. அடுத்த நாள் காலை ஹெதர் பையைக் கழற்றச் சொன்னாள். உள்ளே என்ன என்று கேட்டாள். அரிசி. பலகாரத்தின் பாரத்துக்குப் பழகுவதற்காக அரிசி. முறுக்கும் பயத்தம்பணியாரமும் இல்லாமல் சம்பந்தி வீட்டுக்குப் போவதா? அதை ஸ்னோமொபீலில் அனுப்பலாமே என்றாள். அண்ணை என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"வண்டியிலை போனால் அது பார்சல், தம்பி. கொண்டு போனால்தான் பலகாரம்."

அவருக்கு நல்ல ஆங்கிலம் தெரியும். முறுக்குக்குத்தான் தெரியாது. நான் மொழிபெயர்த்தேன். அது தபால்துறை மீதான முறைப்பாடு போல ஒலித்தது.

பையைக் கழற்றினார். அவரை முன்னுக்குச் சாய்த்து வைத்திருந்ததே அந்தப் பைதான். அது இல்லாமல், பூசையில் எழுந்து நிற்பவர்போல நேராக நின்றார், அப்படியே மல்லாக்க விழுந்தார். "அருமை" என்றாள் ஹெதர். எழும்பினார். மறுபடியும் அருமை.

மூன்றாம் முறை எழும்பவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கேக்கை இப்பிடி விழுந்தால்?"

பையை எடுத்து அவர் முதுகில் மாட்டிவிட்டேன். அவர் போனார். நீளமாக, ஒரு கால், பிறகு மற்றக் கால். ஹெதர் பார்த்துக்கொண்டு நின்றாள். "அருமை" என்று சொல்லவில்லை.

பிறகு இறக்கம் வந்தது. முழங்காலை மடித்து, ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி நிற்பாட்ட வேண்டும். பாரம் அவரை நிற்க விடவில்லை. நேரே பைன் மரத்துக்குள் போனார். ஆக, பை இல்லாவிட்டால் போக ஏலாது. பை இருந்தால் நிற்க ஏலாது. மகளின் மரவீடு ஒரு இறக்கத்தின் அடியில் இருக்கிறது.

இதற்கு விடை கிடைக்க முன்னர் முகாம் முடிந்துவிட்டது.

5

திரும்பி வரும்போது, இதைக் கதையாக எழுதப் போகிறேன் என்று என் காரில் வந்த அண்ணையிடம் சொன்னேன்.

"விழுந்ததை எழுதாதையும்."

"அப்ப என்னத்தை அண்ணை எழுதுறது?"

"போய்ச் சேர்ந்தன் எண்டு எழுதும்."

முடிவு அ: போய்ச் சேர்கிறார். மகள் ஓடி வருகிறாள். மெல்லப் பனி தூவுகிறது. [மலராசிரியருக்குப் பிடிக்கும். அதனாலேயே வேண்டாம்.]

முடிவு ஆ: மரத்தில் மோதுகிறார். முறுக்கு மாவாகிறது. சம்பந்திகள் அதைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டு "அருமை" என்கிறார்கள். [எழுதும்போது சிரித்தேன். அதன் பிறகு வாசிக்க முடியவில்லை.]

முடிவு இ: கடைசி நேரத்தில் ஸ்னோமொபீலில் ஏறிவிடுகிறார். [நடக்கக்கூடியது இதுதான். எழுதக் கை வரவில்லை.]

நேற்று யோசப் அண்ணை போன் எடுத்தார். அன்ரனெற் அக்கா பலகாரத்தைப் பெரிய தகர ரின்னில் அடைத்து, நொறுங்காமல் குலுங்காமல் துணி சுற்றித் தந்தாராம். தியானத்துக்குப் போனவருக்கு முழங்காலில் நீலம் எப்படி வந்தது என்று கேட்கவேயில்லையாம். முழந்தாளில் நின்று செபித்தது என்று நினைத்திருப்பா என்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை, அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தியானத்துக்குப் போய்வந்தவருக்கு ஏன் துணி சுற்றிக் கட்ட வேண்டும்?

ஆகவே இதோ: அவர் மகளின் மரவீட்டுக்கு மேலேயுள்ள மேட்டில் நிற்கிறார். முதுகில் ரின். கீழே புகைபோக்கி. எழுத்தில் நான் ஆட்களை விழுத்தித்தான் பழக்கம், சிரிப்பு அங்கேதான் கிடைக்கும். இன்று என்னை நம்ப முடியாது. கையை எடுத்துவிட்டேன்.

முழங்காலை மடியுங்கோ அண்ணை என்று நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக. கீழே கதவு திறக்கிறது.