பிளைமவுத்துக்குள் ராத்திரி

ஓசூர் மாநகராட்சியின் வரலாற்றிலும், அதைவிட முக்கியமாக இந்திய-அமெரிக்க நல்லுறவின் வரலாற்றிலும், கல்வெட்டு வைத்து, ரிப்பன் கட்டி, பூசணிக்காய் உடைத்து அறிவிக்கப்பட்டிருக்க வேண்டிய செய்தி ஒன்று இதுவரை யாராலும் அறிவிக்கப்படாமல் கிடக்கிறது. வள்ளுவர் நகர் மூன்றாவது கிராஸில், ஓய்வுபெற்ற துணைப் பொது மேலாளர் சௌந்தரராஜன் வீட்டு ஷெட்டில் நிற்கும் 1957ஆம் வருடத்து பிளைமவுத் காருக்குள், வெளியே பகல் பதினொரு மணியாக இருக்கும்போது நடு ராத்திரி. கதவைத் திறந்தால் இருட்டு, ஏறி மூடிக்கொண்டால் கும்மிருட்டு. கல்வெட்டு வைக்காததற்கு அலட்சியம் காரணமல்ல. மூன்று ஷிப்டில் ஓடுகிற ஊர் இது. காலை ஏழு மணிக்கு டீக்கடையில் ஒருவன் பல் துலக்கிய வாயோடு முதல் டீ குடிக்கும்போது, பக்கத்தில் நிற்பவன் அன்றைய கடைசி டீயைக் குடித்துவிட்டுப் படுக்கப் போகிறான். ராத்திரி எங்கே இருந்தால் என்ன, இருக்கிற இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது ஊரின் பொதுக் கருத்து.

சௌந்தரராஜன் தென்காசிப் பக்கத்திலிருந்து டிப்ளமாவும் டிரங்குப் பெட்டியுமாக வந்து, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர். வாசல் பலகையில் பதவி பெரிய எழுத்திலும், 'ஓய்வு' என்பது எறும்பு ஊர்ந்த மாதிரியும் இருக்கும். ஓய்வுக்குப் பிறகும் திங்கட்கிழமைகளில் வீட்டில் ரிவ்யூ மீட்டிங் தவறாமல் நடந்தது. மனைவி ராசாத்தி மட்டுமே உறுப்பினர். அவர் அரிசி களைந்துகொண்டே கலந்துகொள்வார். ஒரே மகன் ஆனந்த், டெட்ராய்ட் பக்கத்தில் கார் டிசைன் செய்கிற இன்ஜினீயர். ஏழு வருடமாக ஊருக்கு வரவில்லை. இவர்கள் கூப்பிட்டால் "அம்மா, இங்க இப்ப நைட்டும்மா" என்பான். அவன் கூப்பிட நினைத்தபோதெல்லாம் இங்கே ராத்திரியாக இருந்துவிட்டதாம். பூமி உருண்டையாக இருப்பதற்கு யாரும் பொறுப்பாக முடியாது என்பதால் பெற்றோர் பூமியைக் குறைசொல்லவில்லை. அந்த ஏழு வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அவனே கூப்பிட்டு, ஏதோ பழைய கார் கண்காட்சிக்குப் போய் வந்த குஷியில், வால் பக்கம் இரண்டு இறக்கை வைத்த பிளைமவுத் ஒன்றின் படத்தை அனுப்பி, "இது மாதிரி ஒண்ணு நம்ம வீட்ல ஓடுச்சுன்னா அடுத்த ஃப்ளைட்ல வந்துருவேம்ப்பா" என்று சொன்னான். எந்த மகனும் எந்த அப்பாவிடமும் சொல்லக்கூடிய வார்த்தைதான். சௌந்தரராஜன் அதை பர்ச்சேஸ் ஆர்டராக எடுத்துக்கொண்டார்.

சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையில், கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் கார் கிடைத்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் இறக்கி, ஓட்டிச் சலித்து விட்டுப் போனது. ஸ்டியரிங் இடப்பக்கம். தரைத் தகட்டில் கால் வைத்தால் கால் நேராக நிலத்துக்குப் போய்விடும். லாரியில் ஏற்றி அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டும்போது போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்த்து, "ஏன் சார், இதுக்குக் கொள்ளி வெக்க ஓசூர்தான் கெடச்சுதா?" என்றார். முப்பதுக்கு நாற்பது சைட்டில் கட்டிய வீடு. காரை உள்ளே விட காம்பவுண்டுச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது. அப்படியும் வாலின் இரண்டு இறக்கைகளும் தெருவுக்கு நீட்டிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு டிப்பர் லாரி ஓனர் ஆஞ்சப்பன் அவற்றில் ஈர பனியனைக் காயப்போடத் தொடங்கினார். முகூர்த்தம் பார்த்து வேலை ஆரம்பமானது. பொங்கலுக்குள் வண்டி ஓடும் என்று சுவரில் சார்ட் ஒட்டப்பட்டது. எந்தப் பொங்கல் என்று சார்ட்டில் குறிப்பிடவில்லை என்பது பின்னால் வசதியாகப் போயிற்று.

பாகலூர் ரோட்டு மெக்கானிக் திம்மராயன் ஞாயிறுதோறும் வந்தார். மற்ற நாட்களில் சௌந்தரராஜன் தன் கையாலேயே துருவைச் சுரண்டினார், எமரித்தாள் தேய்த்தார், பட்டி பார்த்தார், பிரைமர் அடித்தார். சிப்காட் லேத் பட்டறைகளில் ஒரு காலத்தில் இவர் உள்ளே நுழைந்தால் எழுந்து நின்றவர்கள், இப்போது கடைந்து வாங்க வேண்டிய ஒரு சின்ன உலோக புஷ்ஷுக்காக இவர் ஸ்டூலில் மத்தியானம்வரை காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். கார்புரேட்டர் இட்லிக் கொப்பரையில் மண்ணெண்ணெயில் ஊறியது. பூஜை அறையில் பிஸ்டன்கள் இருந்தன. ராசாத்தி ஒரு மீட்டிங்கில் மட்டும் வாய் திறந்தார். "பிள்ளையப் பெக்க எனக்குப் பத்து மாசந்தான் ஆச்சு. இது மூணு வருசமா மசக்கையிலேயே கெடக்கு." மினிட்ஸில் அது பதிவாகவில்லை. ஆனால் வாரம் தவறாமல் ஆனந்தின் அறைக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவதை அவர் நிறுத்தவில்லை. யாரும் படுக்காத விரிப்புகள் துவைத்துத் துவைத்தே கிழிந்தன. காரின் படங்கள் டெட்ராய்ட்டுக்குப் போனபடி இருந்தன. அங்கிருந்து கட்டைவிரல்கள் வந்தபடி இருந்தன. கார் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. திம்மராயன் ஒரு ஞாயிறு பாயிண்ட் என்றார், ஒரு ஞாயிறு காயில் என்றார், பிறகு அமெரிக்காக்காரன் புத்தி என்றார்.

நான்காவது சித்திரையில், கதவுகளுக்கான ரப்பர் பீடிங் அமெரிக்காவிலிருந்தே பார்சலில் வந்தது. அதுவரை பிளைமவுத் எல்லாப் பக்கமும் ஓட்டையாக, ஓசூர்க் காற்று உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு முற்பகலில் நான்காவது கதவுக்கும் பீடிங் ஒட்டி, உள்ளே உட்கார்ந்து இழுத்துச் சாத்திய திம்மராயன், அதே வேகத்தில் வெளியே வந்தார்.

"சார், உள்ள கரண்டு போயிடுச்சு."

"காருக்குள்ள ஏதுய்யா கரண்டு?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன். தேவுடா, சூரியனே கட் ஆயிருக்குது."

சௌந்தரராஜன் உள்ளே போய்ப் பார்த்தார். ராத்திரிதான். கொஞ்சம் குளிரும் இருந்தது. அன்று இங்கே இருட்டிய பிறகு காரின் கண்ணாடிகளிலிருந்து முற்பகல் வெயில் தெருவில் விழுந்தது. ஆஞ்சப்பன் வேலை முடிந்து வந்து, மொத்தத் துணியையும் துவைத்துக் கொண்டுவந்து உலர்த்தினார். வாசல் கோலம் அழியாமல் துணி பிழியச் சொன்னதைத் தவிர ராசாத்திக்கு இதில் ஆட்சேபம் இல்லை. மறுநாள் மீட்டிங்கில் மூல காரணம் ஆராயப்பட்டது. வண்டி டெட்ராய்ட்டில் செய்தது. ரப்பரும் அந்த நாட்டது. வெளி நேரம் கசிய வழியில்லாமல் அடைத்ததும் உள்ளே சொந்த ஊர் நேரம் நின்றுவிட்டது. குறையாக எழுத இதில் எதுவும் இல்லை, ஒரிஜினல் கண்டிஷன் என்று முடிவாயிற்று.

சௌந்தரராஜனுக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை. மகனுக்கும் தனக்கும் நடுவில் இருந்த ஒரே தடையைத் தன் கையால் தேய்த்துத் தேய்த்தே ஒழித்துவிட்டதாக நம்பினார். அடுத்த திங்கட்கிழமை விடிகாலை, சட்டை இன் பண்ணி, தலை சீவி, காருக்குள் போய் உட்கார்ந்தார். உள்ளே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நல்ல மஞ்சள் வெயில். ஃபோன் போட்டார். "ஆனந்து, இப்ப எனக்கும் ஞாயித்துக்கெழம சாயந்தரந்தாம்டா. நீ நிதானமா பேசு" என்றார். மறுமுனையில், "அப்பா, நான்... அப்புறம் கூப்பிடறேன்" என்று கேட்டது. அவர் அந்த அமெரிக்க ஞாயிற்றுக்கிழமை இருட்டும்வரை அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்தபோது வெளியே திங்கட்கிழமை விடிந்து பால்காரர் போய்விட்டிருந்தார். மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும். அவன் காலையில் காப்பி குடிக்கும் நேரத்தில் கூப்பிட்டார், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார், விடுமுறை நாளில் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஏழு வருடமாகக் கூலி கேட்காமல் ஆனந்துக்காக உழைத்துவந்த நேர வித்தியாசம் என்னும் விசுவாசமான வேலைக்காரனை அப்பாவே வீட்டைவிட்டுத் துரத்திவிட்டிருந்தார். அவருடைய கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. ராசாத்தி ஒரு நாள் ஷெட் வாசலில் நின்று, "நீங்க இதுக்குள்ள போற வரைக்கும், பிள்ள தூங்குதான்னு நெனச்சு நான் நிம்மதியா இருந்தேன்" என்றார். அதற்குப் பிறகு மீட்டிங் நடக்கவில்லை.

மாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் குடியிருந்த பேச்சியம்மாள், கோவில்பட்டிக்காரி. போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் மூன்றாம் ஷிப்ட். கம்பெனி பஸ் காலையில் இறக்கிவிட்டதும் படுத்தால், தகரம் காய்ந்து, பக்கத்து மனையில் போர்வெல் இறங்கி, தூக்கம் என்பது நாலு வருடமாகக் காதில் விழுந்த செய்தியாக மட்டும் இருந்தது. அவள் ராசாத்தியிடம் வந்து, "எக்கா, அண்ணாச்சி காருக்குள்ள ராத்திரி சும்மாத்தான கெடக்கு? செத்த நேரம் படுத்துக்கிடட்டா?" என்று கேட்டாள். ராசாத்தி சாவியைக் கொடுத்தார். பேச்சியம்மாள் சாயங்காலம் எழுந்து வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து ஆஞ்சப்பனே, அவளுடைய தங்கச்சி யாரோ வந்திருக்கிறாள் என்று நினைத்தார். அடுத்த வாரம் அவளும் அவள் ஷிப்ட் பெண்களுமாகப் பின்சீட்டில் மூன்று பேர், முன்சீட்டில் இரண்டு பேர், டிக்கியில் ஒருத்தி. ஆனி மாதத்தில் உள்ளே பிற்பகல் மூன்றரை மணிக்கே விடிந்துவிடுகிறது என்று ஒரு குறை மட்டும் சொன்னார்கள். சௌந்தரராஜன், இது வரலாற்றுச் சின்னம், சத்திரம் அல்ல என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினார். தூங்கி எழுபவர்கள் அதில் பொட்டை ஒட்டிவைத்துவிட்டுப் போனார்கள்.

கார்த்திகையில் சௌந்தரராஜன் செய்ததை, அவர் வேலைபார்த்த கம்பெனியில் யாராவது செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். தெருவின் சரிவில் காரை நிறுத்தி, பின்னால் படத்தில் விழாத இடத்திலிருந்து திம்மராயனும் ஆஞ்சப்பனும் தள்ள, ஆஞ்சப்பனின் டிப்பர் லாரி பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்க, பிளைமவுத் மூன்றாவது கிராஸில் கம்பீரமாக நகர்வதை வீடியோ எடுத்து மகனுக்கு அனுப்பி, வண்டி ஓடுகிறது என்று எழுதினார். பதில் அன்றே வந்தது: சூப்பர்ப்பா, அடுத்த மாசம் பெங்களூரில் ஆபீஸ் வேலை இருக்கிறது, அப்படியே வீட்டுக்கு வருகிறேன். பதிலின் பின்பாதியை மட்டும் சௌந்தரராஜன் தெரு முழுக்கப் படித்துக் காட்டினார்.

மார்கழியில் ஆனந்த் வந்தான். லேசாக வழுக்கை விழுந்திருந்தான், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான், நன்றாகத்தான் இருந்தான். ஆனால் ராத்திரியெல்லாம் விழித்திருந்து வீட்டுக்குள் நடந்தான். பகலில் இட்லித் தட்டின்மேல் சரிந்தான். புதிதாக விரித்த விரிப்பு கசங்கவே இல்லை. இரண்டாம் நாள் முற்பகலில், அப்பாவின் முகத்துக்காக ஷெட்டுக்குப் போய், காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பார்த்தான். சாயங்காலம்வரை அசையாமல் தூங்கினான். அதற்குப் பிறகு அதிலேயே குடியிருந்தான். நம்முடைய பகலில் அதற்குள் உறங்கினான். நம்முடைய ராத்திரியில் அதற்குள் வெயிலில் லேப்டாப்பை ஸ்டியரிங்மேல் சாய்த்துவைத்து டெட்ராய்ட் மீட்டிங்குகளில் பேசினான். மாடிக்கே திரும்பிப்போக வேண்டியிருந்த பேச்சியம்மாள், "என்ன அண்ணாச்சி, ஒங்க மவன் எங்க ஷிப்டுக்கே சேந்துட்டாரு? இன்க்ரிமென்ட் கெடையாதுன்னு சொல்லிருங்க" என்றாள். வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னால் தள்ளுவதற்கென்று ஷெட்டுக்குப் பின்னால் திம்மராயன் தயாராக உட்கார்ந்திருந்தார். ஆனந்த் கேட்கவில்லை. ஒரு நாள் சௌந்தரராஜன் துணிந்து முன்கதவைத் திறந்து, வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். நம் ஊரில் ஓட்டுகிறவர் உட்காரும் இடம். இந்தக் காரில் அங்கே எதிரில் ஒன்றுமே இல்லை. மகன் காதில் ஹெட்செட்டோடு, ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினான். அந்த விரல் நெடுநேரம் இறங்கவில்லை. அவர் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு இறங்கி வந்தார். கதவு ஓசைப்படாமல் சாத்துவதற்காகத்தான் அந்த பீடிங் வாங்கியது.

ஒன்பதாம் நாள் மதியம் ராசாத்தி சொதியும் இஞ்சிப் பச்சடியும் செய்து, தட்டில் போட்டு எடுத்துக்கொண்டுபோய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார். கண்ணாடி ஒரு விரல்கடை அளவுக்கு இறங்கியது. உள்ளேயிருந்து கொஞ்சம் இருட்டும் குளிரும் வெளியே வந்தன.

"அம்மா, இங்க இப்ப நைட்டும்மா" என்றான் ஆனந்த்.

கண்ணாடி ஏறியது. சௌந்தரராஜன் மூன்று மாதம் பாடுபட்டுச் சரிசெய்த, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி அது. வெண்ணெய் மாதிரி சுற்றியது. ராசாத்தி தட்டை மாடிக்குக் கொண்டுபோய் பேச்சியம்மாளுக்குக் கொடுத்தார். மறுநாள் ஆனந்த் பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு டாக்சியில் போனான். போகும்போது, ஏழு வருடத்தில் இவ்வளவு நன்றாகத் தூங்கியதில்லை என்று அப்பாவிடம் சொன்னான்.

இப்போது மூன்றாம் ஷிப்ட் பெண்கள் பழையபடி வந்து படுக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ராசாத்தியும் போய் முன்சீட்டில் ஒடுங்கிக்கொள்கிறார்; நல்லாத் தூக்கம் வருகிறது என்கிறார். ஆஞ்சப்பன் வீட்டுத் துணிகள் ராத்திரியிலேயே காய்ந்துவிடுகின்றன. சௌந்தரராஜன் சார்ட்டில் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்து, நோக்கம் நிறைவேறியது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சுவரிலிருந்து கழற்றிவிட்டார்.

கார் ஓடாது.