பலகையின் உச்சியில் ஒரு பெயர்

ஆறு மணிச் சங்கு ஊதி அடங்குவதற்குள் பிரஸ் கொட்டகையில் எட்டு மிஷின்களும் ஓடத் தொடங்கிவிடும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த டின் கம்பெனியில் எண்ணெய்க்கும் பெயிண்டுக்கும் டப்பா செய்தார்கள். தகரத் தகட்டை இடக்கையால் அச்சுக்குக் கீழே தள்ள வேண்டும். காலால் பெடலை மிதித்ததும் மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை வட்டமாக வெட்டும். வெட்டிய வட்டத்தை வலக்கையால் எடுத்துக் கூடையில் எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். தகட்டின் விளிம்பு கத்தி போலிருக்கும். விரல்களில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் வேலை. வெயில் ஏறுவதற்குள் அந்தத் துணி எண்ணெயும் ரத்தமுமாக ஊறிப்போகும்.

முதல் மிஷினில் பொன்னுரங்கம். இரண்டாவதில் கமாலுதீன். பதினொரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மிஷின்கள். பொன்னுரங்கம் காசிமேட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். மாதச் சம்பளம் போதும் என்று கம்பெனிக்கு வந்தவன். கமாலுதீனுக்கு ராயபுரம். இருட்டுப் பிரியும்போதே இருவரும் சேர்ந்து நடந்து வருவார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் இரண்டு கூடை கூடுதலாக வெட்டி அவன் பக்கம் தள்ளிவிடுவான். மேஸ்திரி பார்த்தாலும் பேருக்குத் திட்டிவிட்டுப் போவார்.

அந்த வருஷம் தை மாதம் ஆறுமுகநயினார் மானேஜராக வந்தார். அவர் யாரையும் திட்டவில்லை. வந்த முதல் நாளே எல்லாரையும் கூட்டி, அதட்டி வேலை வாங்கும் காலம் போய்விட்டது, ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஒரு வேகம் இருக்கிறது, அதைத் தட்டி எழுப்பினால் போதும் என்று பேசினார். மறுநாள் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வந்தது. பிரஸ்காரர்கள் எட்டுப் பேரின் பெயரும் வாரா வாரம் வரிசைப்படி அதில் எழுதப்படும். முதலில் வருபவனுக்கு எல்லார் முன்னாலும் மானேஜர் கைகுலுக்கிச் சட்டையில் ஒரு பித்தளை வில்லையைக் குத்திவிடுவார்.

முதல் வாரமே பொன்னுரங்கத்தின் பெயர் உச்சியில் இருந்தது. முப்பத்து நான்கு வயதுவரை அவனை யாரும் மெச்சிப் பேசியதில்லை. அவன் மனைவி நீலா வில்லையைப் புளி போட்டுத் துலக்கித் தெருவுக்கே காட்டினாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெருமை வேண்டியும் இருந்தது.

ஒவ்வொரு மிஷினிலும் அச்சுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அச்சு விழும் முன் அது இறங்கிக் கையை வெளியே தள்ளும். அது ஏறி இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மாசி மாதத்தில் ஒருநாள், கமாலுதீன் கூடைக் கணக்கில் தன்னை நெருங்குவதைப் பார்த்த பொன்னுரங்கம், இரண்டு நட்டைக் கழற்றித் தடுப்பை எடுத்துத் தரையில் வைத்துவிட்டான். அன்று மாலை ஆறுமுகநயினார் அந்த வழியாக வந்தார். தரையில் கிடந்த கம்பியைப் பார்த்தார். நிரம்பிய கூடையைப் பார்த்தார். "நல்லா பண்றப்பா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரத்துக்குள் எட்டு மிஷின்களின் தடுப்புகளும் தரைக்கு வந்தன. காலில் இடறுகின்றன என்று அவற்றைப் பழைய இரும்புக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். முதலில் வந்தவன் வெட்டிய அளவே அடுத்த மாதம் எல்லாருக்கும் அளவாயிற்று. மூன்று வாரம் பலகையில் கடைசியில் நின்ற எட்டாம் மிஷின் சுப்புராயனை வேலையைவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு போனபோது ஒரு மிஷினும் நிற்கவில்லை. பொன்னுரங்கமும் கமாலுதீனும் எந்தச் சண்டையும் போடாமலேயே தனித்தனியாக நடந்து வரத் தொடங்கியிருந்தார்கள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. நடுப்பகலோடு வாரக் கணக்கு முடிகிறது. கமாலுதீன் ஒரு கூடை முன்னால் இருந்தான். பொன்னுரங்கம் தலை நிமிராமல் மிதித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அலறல் எதுவும் கேட்கவில்லை. அச்சு விழும் சத்தம்தான் வேறுமாதிரிக் கேட்டது. திரும்பினான். கமாலுதீன் தன் வலக்கையைப் பார்த்தபடி நின்றிருந்தான். மூன்று விரல்கள் இல்லை. சாக்குத் துணியால் கையை இறுகச் சுற்றி, கைவண்டியில் படுக்கவைத்து, ஸ்டான்லி ஆஸ்பத்திரிவரை பொன்னுரங்கமே தள்ளிக்கொண்டு ஓடினான்.

திங்கட்கிழமை மானேஜர் அவனை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பதினொரு வருஷத்தில் அந்த அறையில் அவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"கமாலுதீன் தானாவே தடுப்பைக் கழட்டிட்டு வேலை செஞ்சிருக்கான். பக்கத்து மிஷின் நீ. பார்த்தவனும் நீதான். எழுதி வெச்சிருக்கேன், கையெழுத்துப் போடு."

"போட்டா இன்னா ஆவும் சார்?"

"தொழிலாளியே தடுப்பைக் கழட்டினா சட்டப்படி நஷ்டஈடு கிடையாது. கம்பெனி பேர் கெடாது. அவ்வளவுதான்."

"மொதல்ல கழட்டினது நான் சார். நீங்க பாத்தீங்க."

"நான் கூடையைத்தான் பார்த்தேன்." அவர் குரல் உயரவில்லை. "கழட்டச் சொல்லி நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

அவர் சொல்லவில்லைதான். பொன்னுரங்கத்தின் வாயை அடைத்ததும் அதுதான். மேஸ்திரி இந்த மாதத்தோடு ஓய்வுபெறுகிறார் என்றும், அந்த இடத்துக்கு அவனைத்தான் நினைத்திருப்பதாகவும் சொன்ன மானேஜர், காலையில் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். கமாலுதீனின் மனைவி ஜன்னத் கட்டிலருகே நின்றிருந்தாள். எப்போதும் கண்டதும் சிரிப்பவள், அன்று சிரிக்கவில்லை.

"கம்பெனி ஆளுங்க வந்துட்டுப் போனாங்கண்ணே. இவரு தப்புதான்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னு சொன்னாங்க. மெய்யா?"

"இல்லம்மா. நா இன்னும் எதுவும் எழுதல."

'இன்னும்' என்ற சொல் அவனையே சுட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கமாலுதீன் கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி பேசினான்.

"உன்னாண்ட தோத்துறக் கூடாதுன்னு இருந்திச்சி தோஸ்து. பதினோரு வருசத்துல ஒருநாள் கூட அப்டி தோணினதில்ல. அந்தப் பலகைய மாட்டினப்புறம்தான்."

பொன்னுரங்கம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தான். கேட்காமலே திரும்பினான்.

மறுநாள் காலை அவன் மிஷினுக்கும் போகவில்லை, மானேஜர் அறைக்கும் போகவில்லை. ஈயம் பற்றவைக்கும் பகுதிக்குப் போனான். அங்கே முப்பது பெண்கள் புகைக்கு நடுவே குந்தி உட்கார்ந்து டப்பாக்களின் இணைப்புகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கெங்கம்மா வியாசர்பாடிக்காரி. அவள் வாய்க்கு மேஸ்திரியே ஒதுங்கிப் போவார். நடந்தது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். வேலையை நிறுத்தாமலே அவள் கேட்டாள்.

"சுப்புராயன அனுப்பிச்சப்போ நீ எங்க நைனா இருந்தே?"

"மிஷின்ல."

"அப்பவும் பலகைல உம்பேருதான் ஒசரத்துல."

கெங்கம்மா பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தாள். "எங்களாண்ட சொல்லிட்டே. இத்தயே உன் ஆளுங்களாண்ட போய் சொல்லு. எல்லாரு எதிர்லயும். நாங்களும் கூட வர்றோம்."

பெண்கள் பின்தொடர பிரஸ் கொட்டகைக்குள் வந்து, எட்டு மிஷின்களையும் ஓட்டும் மெயின் பெல்ட்டைத் தள்ளிவிட்டு அவற்றை நிறுத்தினான். எல்லாரும் திரும்பினார்கள். முதலில் தடுப்பைக் கழற்றியது தான்தான் என்றும், தன்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கழற்றினார்கள் என்றும், கமாலுதீனின் விரல்கள் போனதில் தனக்கும் பங்கு உண்டு என்றும் சொன்னான். மானேஜர் கேட்ட கையெழுத்தையும் அதற்குக் காட்டிய மேஸ்திரி வேலையையும்கூட மறைக்கவில்லை. மூன்றாம் மிஷின் திருமலை கையிலிருந்த துணியை மெல்ல அவிழ்த்தான்.

"நானுந்தான் கழட்டினேன். யாரும் சொல்லல. ஆனா மாட்டிகினு ஓட்டினா நாந்தான் கடைசி. கடைசின்னா வூட்டுக்கு. அப்பறம் சொல்லணுமா இன்னா?"

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். எட்டு மிஷினுக்கும் தடுப்பு திரும்ப வர வேண்டும். பலகையை இறக்க வேண்டும். சுப்புராயனுக்கு வேலை, கமாலுதீனுக்கு நஷ்டஈடும் கைக்கு ஏற்ற வேறு வேலையும். அதுவரை மிஷின் ஓடாது. ஆண்களும் பெண்களுமாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

ஆறுமுகநயினார் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. முதலில் பொன்னுரங்கத்தைத்தான் பார்த்தார்.

"உன்னை உசத்தி வெச்சேன். நன்றி இல்லையா?"

"ஒசத்தி வெச்சீங்க சார். கீழ நின்னவங்க முதுகு மேல நிக்க வெச்சீங்க. அது தெரிய எனக்கு மூணு வெரலு ஆச்சு."

"வெளியில கேட்ல நாப்பது பேர் வேலைக்கு நிக்கறான். தெரியுமா?"

"தெரியும் சார்," என்றாள் கெங்கம்மா. "நாங்களும் அங்க நின்னுட்டு வந்தவங்கதான்."

அவர் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியோடு ஓர் ஆள் உள்ளே வந்தான். சின்னப்பையன் என்று பெயர்; புளியந்தோப்பிலிருந்து இரண்டு மாதமாகத் தினமும் கேட்டுக்கு வந்து நிற்பவன். காலில் செருப்பில்லை. கமாலுதீனின் மிஷினைக் காட்டி, இன்றிலிருந்து நிரந்தர வேலை என்றார் மேஸ்திரி. உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அவனைத் தடுக்கவில்லை. அவன் யாரையும் பார்க்காமல் அவர்களுக்கு நடுவே நடந்தான்.

மிஷினுக்கு முன்னால் நின்றான். அச்சுக்குக் கீழே கழுவியும் போகாத கறுப்புக் கறை இருந்தது. அதை வெகுநேரம் பார்த்தான். தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கு வேல ரொம்ப வேணும் மேஸ்திரி. வூட்ல ரெண்டு நாளா உல வெக்கல," என்றான். "ஆனா இதுல வேணாம்."

வெளியே போவான் என்றுதான் நினைத்தார்கள். அவன் போகவில்லை. எங்கே போவது என்று தெரியாதவன் போல அங்கேயே தயங்கினான். பொன்னுரங்கம் திருமலை பக்கம் நகர்ந்து இடம் விட்டான். சின்னப்பையன் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தான். கெங்கம்மா தன் தூக்கைத் திறந்து பழைய சோற்றை அவன் பக்கம் நகர்த்தினாள்.

போலீஸ் லாரி வரும் என்று கேட்டிலிருந்து சேதி வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மிஷின்கள் ஓயாமல் இரைந்த அந்தக் கொட்டகையில் இப்போது, சாலைக்கு அப்பால் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையில் மோதும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பதினொரு வருஷத்தில் பொன்னுரங்கம் அங்கே அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.