எடுத்த இடத்திலேயே

மண்ணியல் நூலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் புதிதாக ஒரு பென்சில் கோடு. நூலகர் தொட்டுப் பார்த்தார். கரி விரலில் ஒட்டியது. கையிலிருந்த பட்டியலில் அதே நூலுக்கு நேரே பூஜ்யம். ஏழு வருடங்களாக யாரும் தொடாத புத்தகம்.



வீட்டுக்கு எடுத்துப் போகாமல் உள்ளேயே படிக்கும் புத்தகங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. மாலையில் மேசைகளில் கிடப்பவற்றை உதவியாளர் கணினியில் பதிந்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பார். கிடந்தால் படித்தது. கிடக்காவிட்டால் படிக்காதது. இந்தக் கல்லூரியில் எதுவும் கிடந்ததில்லை. அவர் கிடக்க விட்டதில்லை. 'எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைக்கவும்.' பதினெட்டு வருடங்களுக்கு முன் அவரே எழுதி மாட்டிய பலகை. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் வரிசை மேடம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கீழ்க்கூடத்தில் ஏழு வருடமாகக் கணக்கில் வராத இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு புத்தகங்கள். நாளைக் காலை லாரி வரும், காகிதக்கூழ் ஆலைக்கு. பட்டியலின் அடியில் அவருடைய கையெழுத்து.

நூலகர் போய் விஷயத்தைச் சொன்னபோது முதல்வர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“படிச்சிருந்தா கணக்குல வந்திருக்கணுமே மேடம்?”

“வராம பண்ணினதே நான்தான் சார்.”

“சரி. நாலு மணிக்குப் பட்டியலை மூடறேன். அதுக்குள்ள படிக்கறவங்க மேசையில விட்டுட்டுப் போறதை மட்டும் பட்டியல்லேர்ந்து நீக்கிடலாம். நீங்க இறக்கி வைக்கக் கூடாது. கேமரா இருக்கு.”

மணி இரண்டரை. கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டு என்றாலும் அறுபது. நூலகர் முக்காலியில் ஏறிப் பலகையைக் கழற்றினார். உதவியாளர் முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“கெட்டியாப் பிடிங்கண்ணே. விழுந்துடப் போறேன்.”

“விழுந்தா எடுத்த எடத்துலயே வெச்சுடறேன், கவலைப்படாதீங்க.”

நூலகருக்குச் சிரிப்பு வரவில்லை. மேசை மேசையாகப் போனார்.

“படிச்சுட்டு அப்படியே போட்டுட்டுப் போங்கப்பா.”

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் நகர்ந்ததும் முதுகுக்குப் பின்னால் ஒருவன் கிசுகிசுத்தான்.

“வரிசை மேடம் ஆழம் பாக்கறாங்கடா. மாட்டிக்காத.”

மூன்று மணிக்கு மேல் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வழக்கத்தைவிடக் கவனமாக இடம் தேடினார்கள். செருகிவிட்டு, புத்தக முதுகுகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று உள்ளங்கையால் தட்டிச் சரிசெய்தார்கள். அதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

“மேசையிலயே வெச்சுட்டுப் போப்பா. நிஜமாத்தான் சொல்றேன்.”

“பரவாயில்ல மேடம், ரெண்டு எட்டுதானே.”

மூன்று ஐம்பதுக்குக் கூடத்தில் ஒரே ஒருத்தி இருந்தாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மண்ணியல் நூலை மூடி எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். பதிவுக் கருவியோடு உதவியாளர் வாசலில் நின்றார். ஒன்றே ஒன்று. இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கில் ஒன்று. நூலகர் ஓடிப்போய் வெற்று மேசையைத் தட்டினார்.

“இங்க வைம்மா. இங்க. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

பாதிப் புத்தகம் அலமாரி இடுக்குக்குள் போயிருந்தது. அவள் கையை எடுக்காமல் திரும்பினாள். நூலகரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல், சுவரில் பலகையைத் தேடினாள். அங்கே வெள்ளையாக ஒரு செவ்வகம் மட்டும் இருந்தது.