புண்ணியகோடியின் ஐந்தாம் பாகம்

துப்பறியும் புண்ணியகோடி படங்கள் மொத்தம் ஏழு. முதல் பாகத்துக்கு வயிறு வலிக்கச் சிரிக்காதவர்கள் பெரம்பலூர்ப் பக்கம் கிடையாது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் திருடனைப் பிடிக்கப் போய்த் தன் கையிலேயே விலங்கை மாட்டிக்கொண்டு சாவியையும் விழுங்கிவிடுவார், அது ஒன்றே போதும். நாலாவது சுமார். ஐந்தாவதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், கண்ணுகளா. மூன்றே நாள் ஓடியது. வாய் ஒன்று பேசும், குரல் இன்னொன்று பேசும்.

அந்த ஐந்தாவதில்தான் எறையூர் பச்சையம்மாள் இருந்தாள். அப்படி அவள்தான் சொன்னாள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் கரும்புக்கொல்லைக்குப் பக்கத்தில் படம் பிடிக்க வந்தார்கள். புண்ணியகோடியாக நடித்தவர் ஓடுகிற வேகத்தில் வரப்பைத் தாண்டி இவளுடைய இளங்கரும்பை மிதித்துவிட்டார். சேலைக்கு மேல் ஆண்சட்டை போட்டுக் களை வெட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து போய் அவரை வாய்க்காலில் தள்ளிவிட்டாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே படத்தில் வைத்துவிட்டார்கள். ஊரில் வேறு யாரும் படத்தைப் பார்க்கவில்லை, அதனால் யாரும் நம்பவில்லை. புளுகுப் பச்சை என்ற பேர்தான் மிச்சம்.

பேரோடு போயிருந்தால் அவள் விட்டிருப்பாள். போன மாதம் அம்பிகாவின் வயல் எல்லைக்கல்லை நடராசன் பிடுங்கி நாலடி தள்ளி நட்டதைக் கண்ணால் பார்த்தவள் இவள் ஒருத்திதான். அம்பிகா புருஷன் இல்லாதவள். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் பச்சையம்மாள் சாட்சி சொல்ல வேண்டும். சினிமாக்காரனைத் தள்ளியவள் கல்லையும் பார்த்திருப்பாள் என்று நடராசன் டீக்கடையில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை அரியலூரில் ஒரு காதுகுத்து. ஊரில் பாதிப்பேர் பெரம்பலூரில் அரியலூர் பஸ் மாறி ஏறினார்கள். அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு: போகும்போது முதல் பாதிப் படம், அதே பஸ் திரும்பும்போது மறுபாதி. டிக்கெட் வாங்கும்போதே பச்சையம்மாள் கண்டக்டர் முகமது அனஸிடம் ஐந்தாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. லப்பைக்குடிக்காட்டில் அவர் வீட்டுக்கு அண்ணன் குவைத்திலிருந்து ஏழு பாகத்தையும் ஒரே பெட்டியாக அனுப்பியிருந்தார்; பெட்டியை அவர் பஸ்ஸிலேயே வைத்திருந்தார். ஐந்தாவதின் உறையை யாரும் பிரிக்கவே இல்லை.

போகும்போது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நாய் துரத்துகிற காட்சி மட்டும் பத்து நிமிஷம். காதுகுத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப அதே பஸ்ஸில் ஏறியதும் நடராசன் மூன்றாம் பாகத்தைப் போடச் சொன்னான். பஸ்ஸே ஆமாம் என்றது. அனஸ் ரிமோட்டை எடுத்தார். பச்சையம்மாள் எழுந்து நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படம் குப்பைதாங்க. நான் இல்லைன்னு சொல்லல. பேரளி ஸ்டாப்பு வர்ற வரைக்கும் ஒருத்தரும் மாத்தக் கூடாது."

சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. பேரளி நெருங்கும்போது திரையில் கரும்புக்கொல்லை வந்தது. ஆண்சட்டை, தலையில் துண்டு, முகமெல்லாம் சேறு. ஒரு பெண் எழுந்து வந்து புண்ணியகோடியைத் தள்ளினாள். அவர் வாய்க்காலில் மல்லாந்து விழுந்தார். அன்றைக்கு பஸ் முதன்முதலாகச் சிரித்தது. கூடவே தேனில் குழைத்த ஒரு குரல், "ஐயா, தயவுசெய்து வீட்டுக்குப் போங்கள்" என்றது.

நடராசன் கையைத் தட்டினான். "கேட்டுக்கிட்டீங்கல்ல? இது பச்சையோட குரலா? மெட்ராஸ் நடிகை, மூஞ்சில சேத்த அப்பியிருக்கா."

சிரிப்பு அப்படியே இவள் பக்கம் திரும்பியது. அம்பிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

பச்சையம்மாள் அனஸ் பக்கம் திரும்பினாள். "தம்பி, திருப்பிப் போடுங்க. சத்தத்த நிறுத்திட்டுப் போடுங்க."

அனஸ் போட்டார். சத்தமில்லாத திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். பச்சையம்மாளும் திறந்தாள்.

"ஏன்டா, கண்ணு பொடனியிலயா இருக்கு? கரும்ப மிதிச்ச காலோட வூட்டுக்குப் போயிருவியா?"

ஒரு எழுத்து முன்னே பின்னே இல்லை. முன்சீட்டில் இருந்த பொன்னம்மாள், நடராசனின் சொந்த அத்தை, திரைக்குக் கிட்டே போனாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு திரும்பினாள்.

"வாய் குவியுது பாருங்க. வீடுன்னா பல்லு தெரியும். இவ வூடுங்கிறா. நம்ம பச்சைதான்."

நடராசன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வெளியே லாரிகளைத் தவிர ஒன்றும் இல்லை. போதும், உட்காரு என்று யாரோ பச்சையம்மாளிடம் சொன்னார்கள்.

"உக்கார மாட்டேன். நாளைக்குக் கூட்டத்துலயும் நின்னுக்கிட்டுதான் சொல்லுவேன். நாலடின்னா நாலடி."

அனஸ், மூன்றாம் பாகத்தைப் போடட்டுமா என்று கேட்டார். அம்பிகா தலையை நிமிர்த்தி, இதுவே ஓடட்டும் என்றாள்.

மீதிப் படம் சகிக்கவில்லை, கண்ணுகளா. பெரம்பலூர் வரும்வரை ஒருவரும் மாற்றச் சொல்லவில்லை.