அன்றைக்குச் சொன்னபடி

ஒப்பந்தம் கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னதும் அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அது அரை நிமிடம்தான் நீடித்தது.

"கடைசியா ஒரு வார்த்தை சொன்னீங்க பாருங்க, அதுக்காகத்தான் உங்களுக்குக் கொடுத்தோம். அன்னைக்குச் சொன்னபடி செஞ்சீங்கன்னா போதும்" என்றார் அறக்கட்டளை இயக்குநர்.

"கண்டிப்பா சார்" என்று போனை வைத்தவள் பேந்தப் பேந்த விழித்தாள். கடைசியாக என்ன சொன்னோம்?

அக்காவும் அவள் தம்பியும் நடத்துவது சின்ன நிறுவனம். பேருந்து நிலைய வாசலிலும் கடைத்தெருவிலும் ஆட்களை நிறுத்தி, தொண்டு நிறுவனங்களுக்கு மாதா மாதம் நன்கொடை தருபவர்களைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அது இல்லாத நாட்களில் புது ஷாம்பூவுக்கு நோட்டீஸ் கொடுப்பார்கள். வேலை பார்க்கும் பதினோரு பேருக்கும் அவள் அக்காதான். டெண்டர் எழுதுவது அவள் பொறுப்பு, போய்ப் பேசுவது தம்பி பொறுப்பு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவனைத்தான் காட்டுவார்கள்.

இலவச டயாலிசிஸ் மையம் நடத்தும் இந்த அறக்கட்டளைக்குப் பேசப் போன அன்று பார்த்து அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இருமல் வேறு. வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள் தனியாக உள்ளே போனாள். எதிரே இயக்குநர், கணக்காளர், ஒரு டாக்டரம்மா. எழுதி வந்த காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். "உங்களுக்கு ஏன் கொடுக்கணும்?" என்று இயக்குநர் கேட்டது நினைவிருக்கிறது. அவள் ஏதோ சொன்னாள். மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்து அவளுக்கு நினைவில் இருப்பது லிஃப்ட்.

"பேசினது நீ. என்ன சொன்னேன்னு என்னைக் கேட்டா?" என்றான் தம்பி. குரல் திரும்பியிருந்தது.

"சத்தியமா ஞாபகம் இல்லடா."

மறுநாள் ஒப்பந்தம் வந்தது. பன்னிரண்டு பக்கம். ஏழாவது பிரிவில், 'நேர்காணலில் அளித்த வாய்மொழி உறுதியை நிறுவனம் முழுமையாகக் கடைப்பிடிக்கும்' என்று ஒரே ஒரு வரி.

"கையெழுத்துப் போட்டுடுக்கா. என்ன உறுதின்னு அவங்க திட்டும்போது தெரிஞ்சுக்கலாம்."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஒப்பந்தத்தில் சந்தேகம் என்று சாக்குச் சொல்லி அறக்கட்டளைக்குப் போனாள். முதலில் அகப்பட்டவர் கணக்காளர். பேச்சுவாக்கில் வாயைக் கிளறினாள்.

"தெருவில நிக்கிறவங்களுக்குக் கமிஷன் கிடையாது, முழுச் சம்பளம்னு சொன்னீங்களே. அதுதாங்க எனக்குப் பிடிச்சது" என்றார் அவர்.

அவளும் தம்பியும் ஆட்களுக்குக் கொடுப்பதில் பாதி கமிஷன்தான்.

வராந்தாவில் டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்னு சொன்னவங்க பின்னாடி எங்க ஆளுங்க ஒரு அடி நடக்க மாட்டாங்கன்னீங்களே, மனசு குளிர்ந்துடுச்சும்மா. நேத்துகூட எவனோ ஒருத்தன் மருந்துக்கடை வரைக்கும் என்னை விடல."

இதையும் சொன்னோமா? நேராக இயக்குநர் அறைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அவங்க ரெண்டு பேரும் அப்படியா சொன்னாங்க? இல்லையே. நன்கொடைக்குக் கையெழுத்துப் போட்டவங்களை ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிட்டு, மனசு மாறியிருந்தா விட்டுடுவோம்னுல்ல சொன்னீங்க?"

இருவரையும் வரச் சொன்னார். கால் மணி நேரம் மூவரும் அவளை மறந்துவிட்டு வாதாடினார்கள். கடைசியில் கணக்காளர், "நான் குறிப்பு எடுத்தேனே" என்று நோட்டைப் புரட்டினார். அவள் பெயருக்கு நேரே 'நல்ல பதில்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. அவ்வளவுதான்.

"நீங்களே சொல்லுங்க, எது?" என்றார் இயக்குநர்.

"தெரியல சார். ஆனா சம்பளம் பத்திச் சொல்லியிருந்தா அது பொய். எங்ககிட்ட பாதி கமிஷன்தான். பயத்துல உளறியிருந்தா மன்னிச்சிடுங்க. மத்த ரெண்டையும் எழுதிக் கொடுக்கிறேன்."

கணக்காளர் முகம் தொங்கிவிட்டது. "அப்போ கமிஷன் எப்ப நிக்கும்?"

"ஒரு வருஷம் டைம் கொடுங்க."

இயக்குநர் ஏழாவது பிரிவை அடித்துவிட்டு, மூன்று வரிகளைக் கையாலேயே எழுதினார். மூன்றாவது வரியில் ஒரு வருடக் கெடு. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"உண்மையைச் சொன்னதும் கையைவிட்டுப் போயிருக்கணுமே. எப்படிக் கொடுத்தாங்க?" என்று கேட்டான் தம்பி.

"அதுவும் புரியலடா."

திங்கட்கிழமை காலை அவளே பேருந்து நிலைய வாசலில் நின்றாள். கூடைக்காரப் பெண் ஒருத்தி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்தாள். அக்கா அசையவில்லை. பத்தடி போனவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் துரத்தவில்லை. சந்தேகத்தோடு திரும்பி வந்தாள்.

"ஏம்மா, ஒரு தடவைதான் கேப்பீங்களா?"

"ஆமாங்க."

"ஏன்? எங்கிட்ட காசு இருக்காதுன்னு நினைச்சிட்டீங்களா?"

அக்கா அவளிடமிருந்து கூடையை வாங்கிக் கீழே வைத்தாள். அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பதில் வரும்வரை போவதில்லை என்பதுபோல நின்றாள்.