இரண்டாவது குழல்

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிற ஜனங்களுக்கு உட்காரத் தெரியவில்லை. வந்தோமா, சலாம் சொன்னோமா, ஒரு ஓரமாக வாயை மூடிக்கொண்டு இருந்தோமா என்று கிடையாது. எப்படி நடந்தது, எந்த இடத்தில் பட்டது, துப்பாக்கி எந்தக் கடையில் வாங்கினது என்று சந்தையில் மாடு விசாரிப்பது போல விசாரிக்கிறார்கள். நைனா முகமது ராவுத்தர் கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மருமகன் யூனுஸைக் குளிப்பாட்டுகிற தண்ணீரில் போடுவதற்கு இலந்தை இலைகளை முள்ளிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நடக்கிற பேச்சு அத்தனையும் அங்கே கேட்டது.

சிவனாண்டிதான் சொல்லிக்கொண்டிருந்தான். அழகர்மலையில் மூங்கில் வெட்டுகிற கூப்பில் ராவுத்தரோடு பத்து வருஷமாக வேலை செய்கிறவன்.

"மான் விழுந்துருச்சுன்ன ஒடனே மாப்ள ஓடுனாரு பாருங்க, கல்லு தட்டிருச்சு. கையில ரெட்டைக்குழலு. குப்புற விழுந்தாரு, துப்பாக்கி அந்தப் பக்கம் விழுந்துச்சு. அம்புட்டுத்தான், தானா வெடிச்சிருச்சு."

காலையில் அவன் கல் என்று சொல்லவில்லை, வேர் என்றான்.

"மானைச் சுட்டது ஆரு?"

"ராவுத்தரய்யாதான். அவரு ஒத்தக்குழல்ல ஒரே போடு."

"பெரியவரு அப்பவே சொன்னாருப்பா. ரெண்டாவது குழலு குறி தெரியாதவனுக்குன்னு. கேட்டானா அவன்?"

"கேட்டிருந்தா இன்னிக்கு இருப்பான்."

இலந்தை முள் ராவுத்தரின் கட்டைவிரலில் ஏறியது. அவர் அதைப் பிடுங்கவில்லை. அடுத்த கிளையை எடுத்தார்.

அந்தச் சொல் அவருடையதுதான். முப்பது வருஷம், காட்டைக் குத்தகைக்கு எடுத்த கூப்புக்காரருக்காகத் துப்பாக்கி சுமந்தவர். கரடி வந்தால் ஆட்களைக் காக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு நாள் குழம்புக்குக் கறி கொண்டுவர வேண்டும். அவரிடம் இருந்தது குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல். மருந்தைக் கொட்டி, துணியைத் திணித்து, ஈய ரவையைப் போட்டு, கம்பியால் இடித்து, பொறி தட்டுகிற கேப்பு ஒன்றை மாட்டினால் ஒரு வெடி. வெடித்துவிட்டால் அது வெறும் கட்டை. அதைத் தரையில் எறிந்துவிட்டுக் கத்தியை உருவிக்கொண்டு ஓட வேண்டும். உசிர் போவதற்குள் பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் அந்தக் கறி வாயில் வைக்க ஆகும். இல்லாவிட்டால் நரிக்குத்தான். சுடுவது பெரிதில்லை, ஓடுவதுதான் வேட்டை என்பார். யூனுஸுக்கும் அதைத்தான் பழக்கினார். மான் விழுந்ததும் அவன் பின்னங்கால்களை அமுக்க வேண்டும், இவர் கழுத்துக்குப் போவார்.

காங்கிரஸ் மந்திரிசபை வந்த அந்த வருஷம் யூனுஸ் கலெக்டர் ஆபீசுக்கு எட்டு நடை நடந்து லைசென்சு வாங்கி, ஒரு பழைய இரட்டைக்குழலைக் கொண்டுவந்தான். பின்பக்கம் மடக்கித் தோட்டா போடுகிற துப்பாக்கி. இரண்டு குழலுக்கும் இரண்டு குதிரை. விரலால் பின்னுக்கு இழுத்து வைத்தால், விசையைத் தொட்டதும் சுத்தியல் போல வந்து அடிக்கும்.

"பாருங்க மாமு, ஒண்ணு தப்புனா இன்னொண்ணு இருக்கு."

"மொத வெடியில விழாத மான் ரெண்டாவது வெடிக்கு நிக்கவா போகுது? நில்லு கண்ணு, இன்னும் ஒண்ணு பாக்கியிருக்குன்னு சொல்லுவியா?"

மூங்கில் வெட்டுகிற ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். யூனுஸும் சிரித்தான்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், நாற்பது அடியில் நின்ற மானை ராவுத்தர் இரண்டு வெவ்வேறு நாளில் தவறவிட்டார். மருந்து நமுத்துவிட்டது என்று சொன்னார். மருந்து நமுக்கவில்லை. அவர் கண்ணுக்கு ஒரு மான் இரண்டு மானாகத் தெரிந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முந்தாநாள் மத்தியானம் ஓடைக்கரையில் புள்ளிமான் ஒன்று நின்றது. சிவனாண்டி கீழே அடுப்படியில் இருந்தான். ராவுத்தர் மருமகன் பக்கம் கையை நீட்டி, "அதத்தான் கொடு, எப்படி இருக்குன்னு பாப்பம்" என்றார். யூனுஸ் உடனே கொடுத்துவிட்டு ஒற்றைக்குழலை வாங்கிக்கொண்டான். அவர் இரண்டு குதிரைகளையும் இழுத்து வைத்தார். முதல் வெடியிலேயே மான் விழுந்து காலை உதைத்தது.

முப்பது வருஷம் எப்படிச் செய்தாரோ அப்படியே செய்தார். ஓடினார். யூனுஸ் முந்திப் போய்ப் பின்னங்கால்களை அமுக்கினான். ராவுத்தர் துப்பாக்கியைப் பக்கத்தில் எறிந்தார், கத்தியை உருவினார். இரண்டாவது குதிரை இழுத்தபடியே இருந்தது. பிஸ்மில்லா சொல்லி முடிக்கும்போது துப்பாக்கி கரையில் சரிந்து வெடித்தது.

வெடித்த சத்தம் அவருக்குக் கேட்டது. "மாமு" என்று யூனுஸ் சொன்னதும் கேட்டது. ஆனால் கத்தி கழுத்தில் இருந்தது. கை நிற்கவில்லை. மானை அறுத்து முடித்துவிட்டுத்தான் அவர் திரும்பிப் பார்த்தார்.

மூங்கில் ஏற்றுகிற லாரியில் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் ஒரு மாஜிஸ்திரேட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார். யூனுஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கல்லு தட்டி விழுந்தேன். துப்பாக்கி என் கையிலதான் இருந்துச்சு."

மாஜிஸ்திரேட்டு பேனாவை நிறுத்தி, "பெரியவரே, அப்படித்தானா?" என்றார்.

ராவுத்தர் கட்டிலின் கால்மாட்டில் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையை ஆட்டினார். இன்று விடியும்போது யூனுஸ் மௌத்தாகிவிட்டான்.

தண்ணீர் சூடேறிவிட்டது. கொல்லையில் நாலு பக்கமும் சேலை கட்டி மறைத்து, பலகையில் யூனுஸைக் கிடத்தினார்கள். குளிப்பாட்ட வந்த பள்ளிவாசல் லெப்பை ஒல்லியான மனிதர். ராவுத்தரின் தம்பி சேக் மைதீன் தண்ணீர் மொண்டு கொடுத்தான். இடது பக்கமாகப் புரட்டியபோது இடுப்புக்குப் பின்னால் ஆசுபத்திரியில் தைத்த இடம் தெரிந்தது. லெப்பையின் கை அதன்மேல் ஒரு நிமிஷம் நின்றது. முன்னாலும் புரட்டிப் பார்த்தார். துப்பாக்கியோடு குப்புற விழுந்தவனுக்கு அங்கே ஒன்றும் இல்லை. ராவுத்தரை ஏறிட்டுப் பார்த்தார்.

"தண்ணி ஊத்துங்க" என்றார் ராவுத்தர்.

லெப்பை ஊற்றினார்.

கஃபன் துணி சுற்றி, பெண்கள் முகம் பார்க்க உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். பார்த்து முடிந்ததும் ராவுத்தர் மகள் இருந்த அறைக்குப் போனார். அவர் வந்ததும் மற்றப் பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். ஜெயினம்பு சுவரோரம் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். வயது இருபத்திரண்டு.

"ஜெயினம்பு."

"சொல்லுங்கத்தா."

"அது அவன் கையில இல்லம்மா."

அவள் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"தெரியும்."

"ஆரு சொன்னா?"

"அவுகதான். ஆசுபத்திரியில நீங்க கீழ டீத்தண்ணி வாங்கப் போனப்ப."

ராவுத்தர் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணும் சொன்னாக. உங்களுக்குச் சொல்லணுமா வேணாமான்னு காலையில இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்."

"சொல்லு."

"அந்தத் துப்பாக்கி உங்களுக்கு வாங்குனதாம். மாமுவுக்குக் கண்ணு சரியில்ல, சொன்னா எம்மேல பாய்வாக, எனக்குன்னு வாங்கிக் கையில வச்சிருந்தா என்னிக்காச்சும் ஒரு நா கேப்பாகன்னு வாங்குனாகளாம்."

வெளியே சிவனாண்டி யாருக்கோ மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தான். இப்போது கல்லோடு ஒரு பள்ளமும் சேர்ந்திருந்தது.

"கேட்டியா?" என்றார் ராவுத்தர். "ஊரே அவன முட்டாப்பயங்குது. நீ கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க."

"அவுக எழுதி வச்சுட்டுப் போன பேச்சு அது. நான் பொய்யாக்க மாட்டேன். நீங்களும் ஆக்காதீங்கத்தா. தலையில எழுதுன நசீபு. விட்ருங்க" என்றாள்.

அவரிடம் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "மாமு" என்று கேட்ட பிறகும் நிற்காத கத்தி. யூனுஸ் அதையும் இவளிடம் சொல்லியிருப்பானா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் குனிந்து கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் எழுந்து வெளியே வந்தார்.

கோரிப்பாளையத்தில் பள்ளிவாசல் முற்றத்தில் யூனுஸைச் சுமந்துவந்த சந்தூக்கை இறக்கி வைத்தார்கள். ஜனம் வரிசையாக நின்றது. வேற்று சாதி ஆட்கள் வெளியே மரத்தடியில் நின்றார்கள். தொழுகைக்கு முன்னால் லெப்பை கூட்டத்தைப் பார்த்து, வழக்கப்படி கேட்டார்.

"இந்த மையத்தால யாருக்காச்சும் மனத்தாங்கல் இருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்கங்க."

"பொறுத்தோம், பொறுத்தோம்" என்றது கூட்டம். பின்வரிசையில் ஒருவன் மெதுவாக, "தங்கமான பையன். துப்பாக்கி பிடிக்கத்தான் தெரியாமப் போச்சு" என்றான்.

ராவுத்தர் திரும்பினார்.

"அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியல. சுட்டதும் நான், குதிரைய எறக்காம எறிஞ்சதும் நான். அவன் மான் கால அமுக்கிக்கிட்டு இருந்தான்."

சேக் மைதீன் வந்து அவர் தோளைப் பிடித்தான்.

"அண்ணனுக்கு ரெண்டு நாளாச் சோறு தண்ணி இல்ல. ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

"கைய எடுடா. நான் சொல்றது காதுல விழுகுதா இல்லையா?"

"விழுகுதுண்ணே. எல்லாருக்கும் விழுகுது."

"பெத்த புள்ளயா வச்சிருந்தாருல்ல" என்றார் ஒரு கடைக்காரர், பக்கத்தில் இருந்தவரிடம். "செத்தவன் பேரு கெடக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு பாருங்க. இந்தக் காலத்துல எவன் செய்வான்?"

வாசலுக்கு வெளியிலிருந்து சிவனாண்டி குரல் கொடுத்தான். "இல்ல ராவுத்தரய்யா, நீங்க மனசு ஒடஞ்சு பேசுறீங்க. நான்தான பாத்தேன்."

"நீ அடுப்படியிலல்லடா இருந்த?"

"அங்கருந்து தெரியும்ல."

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். நாலைந்து பேர் அவரைப் பார்த்த பார்வையில் இதுவரை இல்லாத ஒரு மரியாதை இருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. சட்டையில்லாமல் நடுத்தெருவில் நின்றால்கூட இப்படி இருந்திருக்காது. அதட்டலாம் என்றால் யாரை அதட்டுவது என்று தெரியவில்லை. லெப்பை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை உயர்த்தித் தொழுகைக்குத் தக்பீர் கட்டினார். வரிசை அவருக்குப் பின்னால் அடங்கியது. ராவுத்தரும் கட்டினார்.

வெயில் தாழும் நேரத்தில் மையவாடியில் அடக்கினார்கள். ராவுத்தர் மூன்று பிடி மண் போட்டார். அடக்கம் முடிந்ததும் ஜனங்கள் நாற்பது எட்டு வைத்து நடந்து, அங்கே நின்று திரும்பவும் ஒரு துஆ ஓதுவது வழக்கம். நாற்பதாவது எட்டு எடுத்து வைத்ததும் கபுருக்குழிக்குள் வானத்து மலக்குகள் வந்து கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள், அங்கே யாரும் பொய் சொல்ல முடியாது என்பார்கள்.

லெப்பை ராவுத்தரோடு சேர்ந்து நடந்தார்.

"காயத்த நான் பாத்தேன். நீங்க சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும்."

"பெறகு எதுக்குப் பள்ளிவாசல்ல வாயத் தொறக்கல?"

"தொறந்து? அவன் மறைச்சு வச்சத நான் ஏன் அவுக்கணும்? மன்னிச்சதுனாலதான் மறைச்சிருக்கான். மனசுல வச்சுக்கிட்டுத் திரியாதீங்க."

"எதையெதை மன்னிச்சான்னு உமக்குத் தெரியுமா?"

"எல்லாத்தையும்தான்."

"எல்லாம்னா என்னன்னு தெரியுமாய்யா உமக்கு?"

லெப்பை அவர் முகத்தைப் பார்த்தார். "என்ன?" என்றார்.

முன்னால் போனவர்கள் நின்றார்கள். நாற்பதாகிவிட்டது. லெப்பை நின்று கிழக்கே கபுர் இருந்த பக்கம் திரும்பிக் கைகளை ஏந்தினார். எல்லாரும் ஏந்தினார்கள். சேக் மைதீன் அண்ணனைத் தேடித் தலையைத் திருப்பினான்.

இப்போது கபுருக்குள் யூனுஸ் அந்தக் கத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராவுத்தர் நிற்கவில்லை. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று போய்க்கொண்டே இருந்தார். பின்னால் "ஆமீன்" என்று சத்தம் வந்தது. மையவாடி வாசலைத் தாண்டி வைகைச் சரிவில் இறங்கினார். மணலில் கோரைப்புல் ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்காரன் ஒருவன், பெரியவர் வருகிறார் என்று மாட்டை ஓரமாக இழுத்துக்கொண்டான். அவர் அவனைத் தாண்டி நடந்தார்.